ஆட்டுத்தோல்ல ஓட்டை, தைச்சா கிழியுது: அவசர உதவி

கிடாக்காரன்:
வணக்கம். தோல்ல ரெண்டு ஓட்டை இருக்கு. ஊசி போட்டு இழுத்தா தையல் போட்ட இடமே பிஞ்சு வருது. ஓட்டை முன்னைவிடப் பெருசாயிடுச்சு. எந்த நூல் போடணும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

வாணியம்பாடி பாய்:
தம்பி, என்ன ஆட்டுத்தோல்? வெள்ளாடா, செம்மறியா? முடியோட இருக்கா, முடி எடுத்ததா? டேனரியில பதப்படுத்தினதா, வீட்ல உப்பு போட்டு காய வச்சதா? இது தெரியாம நூலைப் பத்திப் பேசி பிரயோஜனம் இல்ல.

மீனா டெய்லர்:
ஓட்டை எவ்வளவு அகலம்? வட்டமா, நீளக் கிழிசலா? உடம்புல எந்த இடம், முதுகா வயிறா? என்ன ஊசி வச்சிருக்கீங்க? ஒரு போட்டோ போட்டா பாதி கேள்வி குறையும்.

ராசு திண்டுக்கல்:
எந்தத் தோலா இருந்தாலும் தூண்டில் நரம்புதாங்க. அறுபடாது, மக்காது. நான் பழைய தோல் பை, பெல்ட்டு எல்லாத்துக்கும் அதைத்தான் போடறேன். மெல்லிசு நரம்பு வாங்கி ரெட்டையாப் போடுங்க.

செங்கோடன் (மூத்த உறுப்பினர்):
கேள்வி கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு. தோலின் வகை, பதப்படுத்திய விதம், தடிமன், ஓட்டையின் அளவு, இதுவரை செய்தது, இந்த அஞ்சும் முதல் பதிவுலயே இருக்கணும்னு இந்தப் பகுதியின் மேலேயே எழுதி வச்சிருக்கு. அடிப்படை கூட படிக்காம 'அவசரம்'னு வந்தா அடுத்தவங்க நேரம்தான் வீணாகுது. பதப்படுத்துதலின் வேதியியலைக் கொஞ்சம் படிச்சிட்டு வாங்க.

மீனா டெய்லர்:
செங்கோடன் சார், புதுசா வந்த புள்ளை. விவரம் கேட்டிருக்கோம், சொல்லட்டும்.

கிடாக்காரன்:
மன்னிக்கணும் சார். வெள்ளாடுதான், கன்னி ஆடுங்கற இனம். கோயிலுக்கு விட்ட கிடா. அப்பா ஆசையா வளர்த்தது, அதனால தோலை முடியோட சுவத்துல மாட்டணும்னு கேட்டார். உரிச்சவர் அவசரத்துல கத்தி வச்சுட்டார். ஒரு ஓட்டை அஞ்சு ரூபா காசு அகலம், முதுகுல. இன்னொண்ணு நாலு விரல் நீளக் கிழிசல், வயித்தோரம், கறுப்பும் வெள்ளையும் சேர்ற இடத்துல. யூடியூப் பாத்து உப்பும் படிகாரமும் போட்டு வச்சு, நெழல்ல காயப்போட்டேன். இப்ப நல்லா விறைச்சுக் கெடக்கு. ஊசி கோணி ஊசி. நூல் வீட்ல இருந்த பருத்தி நூல். தண்ணியில ஒரு ராத்திரி ஊறப்போட்டா இளகுமா?

வாணியம்பாடி பாய்:
ஊறப்போடாதே தம்பி! அதை மட்டும் செய்யாதே.

படிகாரம் தோலைக் கெட்டியா பிடிச்சுக்கறது இல்ல. டேனரியில போடற குரோம் உப்பும் ஆவாரம் பட்டையும் தோல் நாரோட சேர்ந்தா அப்புறம் தண்ணி பட்டாலும் வெளிய வராது. படிகாரம் அப்படி இல்ல, தண்ணியில போட்டா உப்போட சேர்ந்து கரைஞ்சு போயிடும். ராத்திரி பூரா ஊறினா காலையில உன் கையில இருக்கறது திரும்பப் பச்சைத்தோல். காஞ்சா இன்னும் விறைக்கும், அதுக்கு முன்னாடியே நாறினாலும் நாறும்.

இப்படிச் செய். ஒரு சொம்பு தண்ணியில ஒரு கை உப்பு கரை. துணியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சுட்டு, கறிப்பக்கம் மட்டும், ஓட்டையைச் சுத்தி ஒரு சாண் அகலத்துக்குத் துடை. முடிப்பக்கம் ஈரம் போகக் கூடாது. கறிப்பக்கமும் கறிப்பக்கமும் சேர்ற மாதிரி மடிச்சு, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி மூணு நாலு மணி நேரம் வை. எடுத்து விரலால மடக்கிப் பாரு. வெடிக்காம மடங்கணும், ஆனா கையில தண்ணி ஒட்டக் கூடாது. அதுதான் தைக்கற பதம். பத்தலைன்னா இன்னொரு தடவை துடை. ஒரேயடியா ஊத்தாதே.

அதுக்கும் முன்னாடி ஒரு சோதனை. ஓட்டை ஓரத்துல நாலு முடியைப் பிடிச்சு லேசா இழு. கொத்தா வந்துச்சுன்னா அந்த இடம் உப்பு போடறதுக்கு முன்னாடியே அழுகிடுச்சுன்னு அர்த்தம். அங்க தங்க நூல் போட்டாலும் நிக்காது, வெட்டி எடுத்துட்டு ஒட்டுதான் வைக்கணும்.

ஒஸ்லோ சிவம்:
பாய் சொல்லுறது சரி. நான் இஞ்ச நோர்வேயில முடியோட செம்மறித்தோல் தைக்கப் பழகினனான். இந்த நாட்டில முந்தி செம்மறித்தோலுகளை இணைச்சுத் தைச்சுப் போர்வையாப் பாவிச்சவை. உரோமப் பக்கம் உள்ளுக்கு, வெளிப்பக்கத் தோலில மர அச்சால பூவும் கோலமும் பதிச்சிருப்பினம். கைத்தையல் எல்லாம் கறிப்பக்கத்தாலதான்.

தம்பி, கோணி ஊசியை வையும். தோலுக்கெண்டு முனை மூண்டு பட்டையா இருக்கிற ஊசி விக்கிறாங்கள், அது தோலை வெட்டிக்கொண்டு போகும், கைக்கும் நோகாது. நூல் மெழுகு பூசின பொலியெஸ்டர். பருத்தி நூல் அந்த உப்பிலயும் புளிப்பிலயும் கன நாள் தாங்காது.

மீனா டெய்லர்:
அண்ணா, மூணு பட்டை ஊசி செம்மறித்தோலுக்கு சரி. இது வெள்ளாட்டு வயித்தோரம், அங்க தோல் மெல்லிசு. மூணு பக்கமும் வெட்டிட்டுப் போற ஊசி போட்ட ஓட்டை, நூல் இழுக்கறப்ப மூலையில இருந்து கிழிய ஆரம்பிக்கும். இவருக்கு ஏற்கெனவே அந்தப் பிரச்சனைதான். சாதாரண கைத்தையல் ஊசி, மெல்லிசா, பட்டை இல்லாத உருண்டைக் கூர்முனை, விரல்ல திம்பிள் போட்டுக்கிட்டுத் தள்ளினா போதும்.

ஒஸ்லோ சிவம்:
உருண்டை ஊசியாலே காய்ஞ்ச தோலுக்குள்ள போகேலாது அக்கா. வளையும், இல்லாட்டி முறியும்.

மீனா டெய்லர்:
காஞ்ச தோலை யாரு தைக்கச் சொன்னா? பாய் சொன்ன பதத்துக்கு வந்தப்புறம் சுலபமா எறங்கும்.

வாணியம்பாடி பாய்:
ரெண்டு பேரும் சொல்றது சரிதான், இடம் வேற. முதுகுத் தோல் கெட்டி, அங்க சின்ன சைஸ் மூணு பட்டை ஊசி போடலாம். வயித்தோரம் மீனாம்மா சொல்ற ஊசி.

ராசு, தூண்டில் நரம்பு வேணாம்பா. அது வழுக்கும், முடிச்சு நிக்காது. இழுத்தா மெல்லிய தோலை அறுத்துடும். பெல்ட்டுல தாங்குதுன்னா அது மாட்டுத்தோலு, தடிமன் அப்படி.

ராசு திண்டுக்கல்:
சரிங்க பாய். ஆனா தைக்கறதே எதுக்கு? சுவத்துல மாட்டத்தானே, பின்னாடி துணி வச்சு ரப்பர் பசை போட்டு ஒட்டிட்டா ஆச்சே.

மீனா டெய்லர்:
ஒட்டினா ஓட்டை மூடாது, ஓட்டைக்குப் பின்னாடி துணி தெரியும். முடி ரெண்டு பக்கமும் சேர்ந்தாதான் மறையும். பழைய தோல், தொட்டாலே பொடியா உதிர்றதுன்னா துணி ஒட்டறதுதான் வழி. இது புதுத்தோல்.

இப்ப கிடாக்காரருக்கு. தம்பி, வட்ட ஓட்டையை அப்படியே ரெண்டு பக்கமும் இழுத்துத் தைச்சா ரெண்டு முனையிலயும் குமிழ் கிளம்பும். பிளவுஸ்ல டார்ட் பிடிக்கறப்ப முனையைக் கூராக் கொண்டுவந்து முடிக்கலைன்னா எப்படிப் புடைச்சுக்கிட்டு நிக்குமோ, அதேதான். அதனால ஓட்டையின் மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டி, கண் வடிவத்துக்குக் கொண்டு வாங்க. நீளம் அகலத்தைப் போல ரெண்டரை மடங்காவது இருக்கணும். அந்த நீளம் கழுத்துல இருந்து வாலுக்குப் போற திசையில, அதாவது முடி படியற திசையில. குறுக்கே போட்டா தையலுக்கு மேல முடி பிரிஞ்சு கோடு தெரியும்.

வெட்டறது கறிப்பக்கத்துல இருந்து, பிளேடால, தோலை மட்டும். கத்திரிக்கோல் வேண்டாம். அது முடியையும் சேர்த்து வெட்டிடும், அப்புறம் மறைக்க முடி இருக்காது. முன்னாடி தைச்சுப் பிஞ்ச ஓரம் இருக்கில்ல, அதையும் நூலிழை அகலத்துக்கு வெட்டித் தள்ளிடுங்க. கிழிஞ்ச ஊசித்துளை மேல மறுபடி தைச்சா மறுபடி கிழியும்.

கிழிசலுக்கு வெட்டவே வேண்டாம். விறைச்ச ஓரத்தை மட்டும் சீவி விடுங்க.

வாணியம்பாடி பாய்:
அருமையாச் சொன்னே மீனாம்மா. மிச்சத்தை நான் சொல்றேன்.

ஓட்டை ஆரம்பிக்கறதுக்கு அரை விரல் முன்னாடியே தையலைத் தொடங்கு, முடிஞ்சு அரை விரல் தாண்டி நிறுத்து. முடிச்சுப் போடாதே, நூல் நுனியை ஓரத்தோட படுக்க வச்சு அது மேலேயே நாலு தையல் போட்டா அதுவே பிடிச்சுக்கும். ரெண்டு ஓரத்தையும் முடிப்பக்கமும் முடிப்பக்கமும் சேர்ற மாதிரி பிடிச்சு, ஓரத்தைச் சுத்திச் சுத்தி வர்ற சுத்துத் தையல். ஓரத்துல இருந்து ரெண்டு மில்லிமீட்டர் உள்ள, தையலுக்குத் தையல் மூணு மில்லிமீட்டர். அதைவிட நெருக்கினா துளைக்குத் துளை தொட்டுக் கிழியும்.

ஒவ்வொரு தையலுக்கும் முடியை ஊசியின் காதுப்பக்கத்தால உள்ள தள்ளிட்டுத்தான் இழுக்கணும். இழுக்கறதும் ஓரம் ரெண்டும் முட்டற வரைக்கும்தான். அதுக்கு மேல ஒரு இழுப்பு இழுத்தேன்னா தோல் சுருங்கும். முடிஞ்சதும் புரட்டிப் போட்டு, தையல்ல மாட்டின முடியை ஊசி முனையால ஒவ்வொண்ணா வெளிய எடு. பொறுமையான வேலை, ஆனா ஓட்டை மறையறது இதுலதான். அப்புறம் கறிப்பக்கம் தையல் மேட்டை ஸ்பூன் முதுகால அழுத்தித் தேய்.

ஈரம் இருக்கும்போதே பலகையில இழுத்து அடி. இரும்பு ஆணி வேண்டாம். உப்புத்தோல், துரு ஏறிக் கறை விழும். பித்தளை ஆணி இல்லைன்னா ஸ்டெயின்லெஸ்.

ஒஸ்லோ சிவம்:
ஒண்டு சேர்க்கிறன். அடுத்த முறை எண்டால் தோலை இழுத்து மெதுமையாக்க முந்தியே தைச்சுப்போட வேணும். இழுக்கேக்க சின்ன ஓட்டையும் அகலிக்கும்.

வாணியம்பாடி பாய்:
ஆமா சிவம். அதுக்கும் முன்னாடி, உரிக்கறவர்கிட்ட சொல்லணும். முதல் கீறலுக்கு மட்டும்தான் கத்தி. மிச்சத்தைக் கைமுட்டியால தள்ளித் தள்ளி உரிச்சா ஒரு வெட்டும் விழாது. பக்ரீத் நேரத்துல பழக்கமில்லாதவங்க உரிச்ச தோல் வண்டி வண்டியா வரும், பாதித் தோல்ல கத்தி விழுந்திருக்கும். விலை போகாம நிக்கறதைப் பாத்தா வயிறு எரியும்.

சிவகங்கை முத்து:
நல்ல விவாத இழை. எங்க வீட்ல தாத்தா பூஜையில உக்காரற மான்தோல் இருக்கு. பூச்சி அரிச்சு நடுவுல ஓட்டை. இதே முறை சரியா வருமா?

செங்கோடன் (மூத்த உறுப்பினர்):
மான்தோலைத் தைக்கறதைப் பத்தி இங்க பேசக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. அதை வச்சுக்கறதுக்கான சான்றிதழ் இருக்கா உங்ககிட்ட?

சிவகங்கை முத்து:
சட்டம் வர்றதுக்கு முன்னாடி வந்த தோலுங்க. தாத்தாவுக்கு அவங்க குரு கொடுத்தது. வேட்டையாடினது இல்ல.

செங்கோடன் (மூத்த உறுப்பினர்):
எப்ப வந்ததுன்றது பிரச்சனை இல்ல, வனத்துறைகிட்ட கணக்குல காட்டினீங்களாங்கறதுதான். விட்டுப்போனவங்க அறிவிக்கறதுக்கு 2003-ல 180 நாள் அவகாசமும் கொடுத்தாங்க. இதெல்லாம் தெரியாம பொதுவுல வந்து கேக்கறது விவரமின்மை.

ராசு திண்டுக்கல்:
ஊர்ல பாதி வீட்டு பூஜை ரூம்ல மான்தோல் இருக்கு சார். எல்லாரும் குத்தவாளியா? தாத்தா சொத்தைத் தூக்கிக் குப்பையிலயா போடறது?

வாணியம்பாடி பாய்:
ராசு, இதுல செங்கோடன் சொல்றதுதான் சரி. சொல்ற விதம் வேற இருக்கலாம். நான் வேலை பாத்த காலத்துல காட்டு மிருகத் தோலை யாரு கொண்டு வந்தாலும் வாசல்லயே திருப்பி அனுப்பிடுவோம். இன்னைக்கு ஒரு பழைய மான்தோலுக்கு மதிப்பு கொடுத்தா நாளைக்குப் புது மான்தோலைப் பழசுன்னு சொல்லி விப்பான். முத்து, தைக்காதீங்க, விக்காதீங்க, யாருக்கும் கொடுக்காதீங்க. ஒரு வக்கீலைப் பாத்துட்டு வனத்துறையில போய்க் கேளுங்க. உக்கார்றதுக்குத் தர்ப்பைப் பாய் இருக்கு, கம்பளம் இருக்கு.

சிவகங்கை முத்து:
சரிங்க பாய். வீட்ல பேசறேன்.

மீனா டெய்லர்:
கிடாக்காரர் எங்க? தைச்சீங்களா தம்பி?

கிடாக்காரன்:
தைச்சாச்சுக்கா. முதுகு ஓட்டை இருந்த இடம் தடவிப் பாத்தாதான் தெரியுது. வயித்தோரம் ஒரு தடவை கறுப்பும் வெள்ளையும் விலகிடுச்சு, பிரிச்சுட்டு அந்தக் கோட்டுல இருந்தே தையலை ஆரம்பிச்சேன், இப்ப நேரா இருக்கு. கிழியலை. ஊசி அக்கா சொன்னது, மெழுகு நூல் செருப்புக் கடையில கிடைச்சது. அப்பா பாத்துட்டார். எல்லாருக்கும் நன்றி.

வாணியம்பாடி பாய்:
சந்தோஷம் தம்பி. கறுப்பு வெள்ளைக் கோட்டுல இருந்து தொடங்கினது நல்ல யோசனை. இன்னும் ரெண்டு விஷயம். மழைக்காலத்துல அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தோல் பிசுபிசுக்கும், அதனால வெளிச்சுவர்ல மாட்டாதே. பின்னாடி ரெண்டு ரீப்பர் கட்டை வச்சுச் சுவத்தை ஒட்டாம மாட்டு, காத்து போகட்டும். மாசம் ஒரு தடவை எடுத்து உதறி, கறிப்பக்கத்துல பொடிப்பொடியா ஏதாவது விழுதான்னு பாரு. விழுந்தா வண்டு வந்திருக்குன்னு அர்த்தம், உடனே இங்க எழுது. அப்புறம் ஆவாரம் பட்டை போடறதைப் பத்தி உனக்கு ஆசை இருந்தா தனி இழை தொடங்கு, சொல்லித் தர்றேன்.

ராசு திண்டுக்கல்:
பாய், அந்த ஆவாரம் பட்டை இழையை நானே தொடங்கறேன். எங்க ஊர்ல செடி ரோட்டோரம் பூரா நிக்குது.