க்ரூகரில் புற்றின் மேல் படுத்திருந்தது சிறுத்தையா, சிவிங்கியா?

பனங்காட்டான்:
அருவிக்கரை நேற்று எழுதிய பயணக் குறிப்பைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. "தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவில் சொந்தமாகக் கார் ஓட்டிப் போகிறவர்களுக்குச் சிறுத்தை கண்ணில் படாது, தனியார் காப்பகத்துக்குப் பணம் கட்டினால்தான் உண்டு" என்கிறார். இதைப் படித்துவிட்டு எத்தனை நடுத்தரக் குடும்பங்கள் பயணத்தையே கைவிடும்! நானும் என் மனைவியும் 2019 ஆகஸ்டில் வாடகைக் காரில் எட்டு நாள் சுற்றினோம். அங்கேயும் நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். தார்ச் சாலையில் 50 கி.மீ., மண் சாலையில் 40 கி.மீ. வேகம் தாண்டக் கூடாது. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, சட்டாரா முகாமுக்குக் கிழக்கே எஸ் 100 மண் சாலையில், கரையான் புற்றின் மேல் சிறுத்தை படுத்திருந்தது. இருபது நிமிடம் பார்த்தோம். வேறு ஒரு வண்டியும் இல்லை. வழிகாட்டியும் இல்லை.

அருவிக்கரை:
காலை பத்து மணி. சட்டாரா புல்வெளி. கரையான் புற்று. ஐயா, நீங்கள் பார்த்தது சிறுத்தை இல்லை, சிவிங்கிப்புலி, அதாவது ஆங்கிலத்தில் சீட்டா என்கிறார்களே, அது. உயரமான புற்றில் ஏறி வெட்டவெளியில் இரை தேடுவது அதன் வழக்கம். பகலில் வேட்டையாடுவதும் அதுதான். சிறுத்தை அந்த நேரத்தில் ஆற்றோர மரக்கிளையில் தூங்கிக்கொண்டிருக்கும். நான் சொன்னது சிறுத்தையைப் பற்றி.

பனங்காட்டான்:
எனக்குச் சிறுத்தை தெரியாது என்கிறீர்களா? முதுமலைக்கு அருகில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் தெரு நாயைச் சிறுத்தை தூக்கிப் போனதைச் சிறு வயதில் பார்த்தவன். அந்தச் சாலையின் ஒரு பக்கம் புல்வெளி என்றால் மறு பக்கம் ஆறும் பெரிய மரங்களும் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டீர்கள். புற்றின் மேல் சிறுத்தை படுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

சுடர்விழி:
சண்டை எதற்கு? புள்ளிகளைச் சொல்லுங்கள், முடிந்துவிடும். சிறுத்தையின் உடலில் பூ இதழ் போல நடுவில் வெளி விட்ட வளையங்கள் இருக்கும். சிவிங்கிக்கு மை வைத்தது போல நிறைந்த புள்ளிகள். கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்தது போலக் கறுப்புக் கோடும் உண்டு. படம் இருக்கிறதா?

பனங்காட்டான்:
படம் இருக்கிறது, இணைத்திருக்கிறேன். கைப்பேசியில் எடுத்தது. நூற்றைம்பது மீட்டர் தூரம், முகம் மறு பக்கம் திரும்பியிருந்தது. முதுகும் தொங்கும் வாலும் நன்றாகத் தெரிகின்றன. எவ்வளவு கனமான உடம்பு என்று பாருங்கள்.

அருவிக்கரை:
பார்த்தேன். பழுப்பாக ஒரு மேடு, அதன் மேல் பழுப்பாக இன்னொரு மேடு. வாலின் நுனியில் வளையங்கள் தெரிகின்றன. அது சிவிங்கி. புற்று ஒன்றே போதும் என்று மறுபடியும் சொல்கிறேன்.

பனங்காட்டான்:
வளையம் என்று நீங்கள் சொல்வது புல்லின் நிழல். புற்று, புற்று என்று அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் புகழும், க்ரூகரை ஒட்டிய சாபி சாண்ட் தனியார் காப்பகத்திலேயே சிறுத்தைகள் புற்றின் மேல் படுக்கின்றன, அங்கே வேலை பார்க்கும் வழிகாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். அந்தக் காப்பகத்துக்கும் க்ரூகருக்கும் நடுவில் இருந்த வேலியை 1993இல் எடுத்துவிட்டார்கள். இன்று அங்கே இருக்கும் சிறுத்தை நாளை இங்கே வரும். காசு கொடுத்தவன் பக்கம் புற்றில் படுக்கிற விலங்கு, வாடகைக் கார்க்காரன் பக்கம் வந்தால் மட்டும் வேறு இனமாக மாறிவிடுமா?

அருவிக்கரை:
வேலி இல்லை, உண்மை. ஆனால் அங்கே வண்டி சாலையை விட்டு இறங்கிப் புதருக்குள் போகலாம். வண்டியின் முகப்பில் தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். நான் போனபோது அவர் கையை உயர்த்தினார், வண்டி நின்றது. மண்ணில் ஒரு கால் தடம், அதன் ஓரம் இன்னும் உதிராமல் இருந்தது. "இப்போதுதான் போயிருக்கிறது" என்றார். பத்து நிமிடத்தில் மரூலா மரத்தின் கவட்டில் பாதி தின்ற இம்பாலா மான் தொங்கியது, மேல் கிளையில் சிறுத்தை. கீழே ஒரு கழுதைப்புலி, விழும் எலும்புக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கழுதைப்புலிக்குப் பயந்துதான் சிறுத்தை இரையை மேலே தூக்குகிறது. க்ரூகரில் சாலையை விட்டு ஒரு அடி நகர முடியாத நீங்கள் இதை எப்படிப் பார்ப்பீர்கள்?

பனங்காட்டான்:
தடம் கண்டுபிடித்தவர் வேறு ஒருவர், பெருமை உங்களுக்கு. அங்கே ஓர் இரவுக்குக் கேட்கும் பணத்தில் நாங்கள் எட்டு நாளும் தங்கி, முகாமிலேயே சமைத்துச் சாப்பிட்டோம். நானாகத் தேடி, நானாகக் கண்டேன். புற்றின் மேல்.

மலைநாடன்:
ஒரு சொல் சண்டையும் பாக்கி இருக்கிறது. 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு சிவிங்கிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்தபோது பாதிப் பத்திரிகைகள் சிறுத்தை என்று போட்டன, மீதி சிவிங்கிப்புலி என்றன. ஊர் முழுக்க அதையும் சிறுத்தை என்றுதான் சொன்னது. அப்படியிருக்கப் பனங்காட்டான் அண்ணன் சிறுத்தை என்று சொன்னதில் என்ன தவறு?

அருவிக்கரை:
பத்திரிகை தவறாகப் போட்டால் விலங்கு மாறிவிடாது. ஒட்டகச்சிவிங்கி என்று சின்னக் குழந்தையும் சொல்கிறது. அதில் இருக்கும் சிவிங்கி எது? நம் மொழியில் சொல் இருக்கும்போது இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பது சோம்பல்.

பனங்காட்டான்:
மலைநாடன் தம்பி, எனக்காகப் பேச வந்து என் காலை வாரிவிடாதே. நான் சொல் குழம்பிச் சொல்லவில்லை. சிவிங்கி எனக்குத் தெரியும். நான் பார்த்தது சிறுத்தை.

டர்பன்வாசி:
எல்லாரும் க்ரூகரையே கட்டி அழுகிறீர்களே, தென்னாப்பிரிக்காவிலேயே இருக்கும் குவாசுலு நாட்டால் மாகாணத்தின் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஹ்லுஹ்லுவே இம்ஃபோலோசி 1895இலேயே காப்பகமானது, க்ரூகர் தேசியப் பூங்கா ஆனதே 1926இல்தான். அழியும் நிலைக்கு வந்த வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாற்றி, 1960களில் மற்ற பூங்காக்களுக்கு அனுப்பி வைத்தது அந்த மண். டர்பனில் என் வீட்டுக்கார அம்மாவின் முன்னோர் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக மதராசிலிருந்து கப்பலில் வந்தவர்கள். நிறவெறி ஆட்சியில் க்ரூகரின் பெரிய முகாம்கள் வெள்ளையருக்கே என்று இருந்ததை அவர் இன்றும் கசப்போடு சொல்வார். நீங்கள் ஒரு புற்றுக்காக இரண்டு நாளாக அடித்துக்கொள்கிறீர்கள்.

பனங்காட்டான்:
அந்த அம்மாவின் கசப்பை மதிக்கிறேன். ஆனால் இங்கே பேச்சு காண்டாமிருகம் இல்லை. அருவிக்கரைக்கு இது பழக்கம். போன ஆண்டு நமீபியாவின் எட்டோஷாவில், ஒகாகுயேஜோ முகாமின் விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் குடிக்க வந்த காண்டாமிருகத்தைப் பற்றி நான் எழுதியபோதும் திருத்த வந்தார்.

அருவிக்கரை:
கறுப்புக் காண்டாமிருகத்தை வெள்ளை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் படத்திலேயே கூரான மேலுதடு தெரிந்தது. வெள்ளைக்கு வாய் அகன்று தட்டையாக இருக்கும். அன்றும் நான் சொன்னது சரி, இன்றும் சரி.

பனங்காட்டான்:
அன்று தட்டச்சில் நேர்ந்த பிழை. அதை ஓராண்டாக மூட்டை கட்டி வைத்திருக்கிறீர்கள்.

சுடர்விழி:
அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளியும் தெரியவில்லை, வளையமும் தெரியவில்லை. இதை வைத்து எந்தப் பக்கமும் பேச முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சிறுத்தை வேண்டும் என்றால் க்ரூகரின் ஸ்குகுசா முகாமிலிருந்து லோயர் சாபி முகாமுக்குப் போகும் ஆற்றோரச் சாலையில் முகாம் வாசல் திறந்ததும் புறப்படுங்கள். நான் சொந்தக் காரில்தான் போனேன். அத்தி மரத்தில் பார்த்தேன், முகத்தோடு படமும் இருக்கிறது.

பனங்காட்டான்:
பார்த்தீர்களா அருவிக்கரை! சொந்தக் கார். சிறுத்தை.

அருவிக்கரை:
சுடர்விழி பார்த்தது மரத்தில். நீங்கள் பார்த்தது புற்றில்.

பனங்காட்டான்:
வரும் ஆகஸ்டில் அதே சாலைக்குப் போகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது. அந்தப் புற்று சாலையிலிருந்து எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த முறை பெரிய லென்ஸோடு போகிறேன்.

அருவிக்கரை:
போய் வாருங்கள். புற்றில் சிவிங்கி இருக்கும்.