ஊருக்குக் கிளம்ப 24 நாள்: வீட்டுக்கார அம்மா கேட்டதுக்கு சரின்னு சொல்லலாமா?

வைகைக்கரை:
நான் மதுரைப் பொண்ணு. மொரிஷியஸ்ல, ரெதுயியில இருக்கற பல்கலைக்கழகத்துல முதுகலை முடிக்கப் போறேன். விமானம் ஏற இன்னும் 24 நாள். ஆய்வேட்டுல ரெண்டு அத்தியாயம் திருத்தணும், சான்றிதழ்கள் வெளிநாட்டுலயும் செல்லும்னு காட்டற அப்போஸ்டில் முத்திரை வாங்கணும், வங்கிக் கணக்கை மூடணும். அதெல்லாம் ஓடியாடி முடிச்சிருவேன். தூக்கம் வராம இருக்கறது வேற விஷயத்தால.

காத்ர் போர்ன்ங்கற ஊர்ல நான் குடியிருக்கற வீட்டுக்கார அம்மாவுக்கு 78 வயசு. பேச்சு கிரியோல்தான், பிரெஞ்சுலேர்ந்து உருவான இந்தத் தீவு மொழி. கோவில்ல பாடுற தமிழ்ப் பாட்டை ரோமன் எழுத்துல எழுதி வச்சுப் பாடுவாங்க, அர்த்தம் என்கிட்ட கேப்பாங்க. ரெண்டு தைப்பூசத்துக்கும் ஏழு கறியோட இலை போட்டு என்னைப் பக்கத்துல உக்கார வச்சவங்க. போன ஞாயித்துக்கிழமை ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினாங்க. மோக்காவுல இருக்கற மகாத்மா காந்தி நிறுவனத்து ஆவணக் காப்பகத்துலேர்ந்து அவங்க அண்ணன் எப்பவோ வாங்கி வச்ச குடியேற்றப் பதிவோட நகல். அவங்க கொள்ளுத்தாத்தா 1877ல மெட்ராஸ்ல கப்பல் ஏறி போர்ட் லூயிஸ்ல இறங்கியிருக்கார். வயசு 22. தென்னார்க்காடு ஜில்லா. ஊர் 'பூடூர்'.

"நீ போனதும் இந்த ஊரைக் கண்டுபிடி. ஒரு கைப்பிடி மண்ணு அனுப்பு. எங்க ஆளுங்க யாராவது இருந்தா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, மோ திஃபி"ன்னாங்க. 'மோ திஃபி'ன்னா கிரியோல்ல 'என் பொண்ணே'ன்னு அர்த்தம். நான் இன்னும் பதில் சொல்லலை. என்ன சொல்லட்டும்?

ஊர்திரும்பி:
தங்கச்சி, சரின்னு சொல்லாதீங்க. கிளம்புற மாசத்துல யார் எது கேட்டாலும் செய்யலாம்னுதான் தோணும். நானும் அதே தீவுல படிச்சவன். ரோஸ் ஹில்ல ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருத்தர், தன் குலதெய்வக் கோவில் எங்கே இருக்குன்னு பார்த்துச் சொல்லச் சொன்னார். கட்டாயம் சொல்றேன்னு கையைப் பிடிச்சுச் சொல்லிட்டு வந்தேன். ஊர்ல வேலை தேடவே ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் கல்யாணம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. மூணு தீபாவளிக்கு அவர் வாட்ஸ்அப்ல வாழ்த்து அனுப்பினார். ஒரு தடவைகூடக் கோவிலைப் பத்திக் கேட்கலை. நாலாவது தீபாவளிக்கு அவர் மகன்கிட்டேயிருந்து செய்தி வந்தது, அவர் போயிட்டார்னு. அவர் கேட்காம இருந்ததுதான் இன்னைக்கும் எனக்கு வலிக்குது. முடியாதுன்னா இப்பவே நேர்ல சொல்லிடுங்க.

காத்ர் போர்ன் வாத்தியார்:
நான் இங்கேயே பிறந்தவன். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நண்பர் ஊர்திரும்பியின் வருத்தம் புரிகிறது. அவர் முடிவை மட்டும் ஏற்க முடியவில்லை.

1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' கப்பலில் 36 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இங்கே வந்து இறங்கினார்கள். அதன்பின் ஏறத்தாழ நான்கரை லட்சம் பேர். அவர்களில் தமிழர் பெயர்களையும் ஊர்களையும் தமிழ் தெரியாத எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். எங்கள் குடும்பப் பெயர்கள் எல்லாம் அப்படி உருவானவையே. தாள் எங்களிடம் இருக்கிறது, அதைத் தமிழ்க் காதால் கேட்கிறவர்கள் இல்லை. 'பூடூர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் அது புதூரா, பூதூரா, போத்தூரா என்று உங்களுக்கு மனத்தில் ஓடுகிறதே, அந்த அம்மையாரின் வீட்டில் மூன்று தலைமுறையாக அது யாருக்கும் ஓடியிருக்காது. ரெதுயியிலிருந்து மோக்கா எட்டிப்பிடிக்கும் தூரம். மூலப் பதிவேட்டில் நகலில் விடுபட்ட விவரம் இருக்கலாம். 1860களுக்குப் பிறகு வந்தவர்களைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறார்கள். அம்மையாரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் காலையில் போய் வாருங்கள். சரி என்று சொல்லுங்கள்.

செஞ்சிக்கோட்டை:
ஐயா, நான் இதே தீவுல எபேன்ல வேலை பாக்குறேன், சொந்த ஊர் விழுப்புரம் மாவட்டம். அதனால சில விஷயம் சொல்லியே ஆகணும்.

தென்னார்க்காடுன்னு இன்னைக்கு ஒரு மாவட்டமே கிடையாது. 1993ல கடலூர், விழுப்புரம்னு பிரிஞ்சுது. 2019ல விழுப்புரத்துலேர்ந்து கள்ளக்குறிச்சி பிரிஞ்சுது. மூணு மாவட்டத்துலயும் புதூர்னு முடியுற ஊருங்க எத்தனையோ. அதுவும் 1877ன்னா தாது வருஷப் பஞ்சம் நடந்துக்கிட்டிருந்த நேரம். கஞ்சி கிடைக்கிற இடமாப் பாத்து ஜனங்க நடந்தாங்க. அந்த மனுஷன் சொன்னது பொறந்த ஊரா, கடைசியாத் தங்கின ஊரா, யாருக்குத் தெரியும்?

இதைவிடப் பெருசு ஒண்ணு இருக்கு. அந்தப் பதிவுல சாதின்னு ஒரு கட்டம் இருக்கும். தங்கச்சி அந்தத் தாளைத் தூக்கிக்கிட்டு எங்க பக்கத்து ஊருக்குப் போனா மொதல்ல வர்ற கேள்வி, "எந்தத் தெரு? ஊரா, காலனியா?" அப்படித்தான் கேப்பாங்க. என் ஊர்லயும் அப்படித்தான், சொல்லவே வெக்கமா இருக்கு. நூத்தம்பது வருஷமா கரும்புத் தோட்டத்துல ஒழைச்சு, நிலம் வாங்கி, புள்ளைங்களைப் படிக்க வெச்சு, அந்தக் கேள்வியே இல்லாம வாழ்ந்த குடும்பம். 78 வயசுல அந்தக் கேள்வியை அவங்க மடியில கொண்டுபோய்ப் போடணுமா? கப்பல் ஏறினவங்க பல பேர் அந்தத் தெருவுலேர்ந்து தப்பிக்கத்தானே ஏறினாங்க.

காத்ர் போர்ன் வாத்தியார்:
அந்தக் கேள்வி இங்கே இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். திருமணப் பேச்சில் மெல்லத் தலைகாட்டும். ஆனாலும் ஒரு வயதான பெண்மணிக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று நாம் முடிவு செய்வது எப்படி முறையாகும்? அது அவருடைய கொள்ளுத்தாத்தா. அவருடைய தாள்.

செஞ்சிக்கோட்டை:
தெரிஞ்சுக்க வேணாம்னு நான் சொல்லலை ஐயா. ஊர்ல முன்பின் தெரியாத ஒருத்தன் வாயால, ஒரு மாதிரி பார்வையோட தெரிய வேணாம்ன்றேன். போட்டோ கேட்டிருக்காங்க. அந்தப் போட்டோவுக்கு யார் வந்து நிப்பாங்க, யாரை நிக்க விடுவாங்கன்னு எனக்குத் தெரியும்.

ஊர்திரும்பி:
ஒரு சந்தேகம். இது ஓசிஐ அட்டைக்காகவா, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை இருக்கற இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு இந்தியா தர்ற அட்டைக்காகவா? மொரிஷியஸ்ல இருக்கற இந்திய வம்சாவளி ஏழாவது தலைமுறைக்கும் அது கிடைக்கும்னு 2024 மார்ச்சுல நம்ம குடியரசுத் தலைவர் அங்கே போனப்போ அறிவிச்சாங்க. அதுக்குத்தான்னா வம்சாவளியைக் காட்ட ஆவணம் போதும், ஊர் தேடி அலைய வேண்டியதில்லை. இன்னொண்ணு, மண்ணை அப்படியே அனுப்ப முடியாது. பயிர்நோய் பயத்தால எல்லையில தடுத்திடுவாங்க. கேட்டதுல பாதி முடியாத காரியம், மீதி எங்கேன்னே தெரியாத காரியம். இதுக்கு எப்படிச் சரின்னு சொல்ல முடியும்?

வைகைக்கரை:
அட்டைக்காக இல்லண்ணா, அவங்க பேச்சுல அதெல்லாம் வரவே இல்லை.

செஞ்சி அண்ணா எழுதினதைப் படிச்சதும் அந்த நகலை ஃபோன்ல பெருசாக்கிப் பாத்தேன். சாதிக் கட்டம் இருக்கு, எழுத்தும் தெளிவா இருக்கு. மொத நாளே என் கண்ணுல பட்டிருக்கு, நான்தான் தாண்டிப் போயிருக்கேன். அந்தத் தாளை அவங்களுக்கு இதுவரைக்கும் யாருமே முழுசாப் படிச்சுக் காட்டலைன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அண்ணன் ஊர்ப் பேரை மட்டும் சொல்லிட்டு உறையில போட்டு வச்சிட்டார். அவங்களுக்குக் கண்ணு மங்கல், அந்தப் பழைய ஆங்கிலக் கையெழுத்து புரியாது. நாளைக்கு உக்காந்து படிச்சுக் காட்டப் போறேன்.

செஞ்சிக்கோட்டை:
அந்தக் கட்டத்தையுமா?

வைகைக்கரை:
படிக்கவான்னு கேட்டுட்டுத்தான்.

வைகைக்கரை:
ரெண்டு நாள் கழிச்சு எழுதறேன். அடுப்படி மேசையில உக்காந்து, எனக்குத் தெரிஞ்ச கிரியோல்ல ஒவ்வொரு கட்டமாச் சொன்னேன். உயரம். இடது புருவத்துல தழும்பு. அப்பா பேர் வந்ததும் நிறுத்தச் சொன்னாங்க. கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு அப்பா இருந்திருப்பார்னு தான் நினைச்சே பாத்ததில்லைன்னாங்க. அந்தப் பேரைத் தமிழ்ல பெருசா எழுதித் தரச் சொன்னாங்க, ரோமன்லயும். சாதிக் கட்டம் வந்ததும், இது எதைப் பத்தின கட்டம், ஊர்ல இதை வச்சு என்ன கேப்பாங்கன்னு சொல்லிட்டு, இதையும் படிக்கவான்னு கேட்டேன். ரொம்ப நேரம் பேசலை. "படி"ன்னாங்க. படிச்சேன். "என் மாமியார் இதைத்தான் என்னைப் பத்திச் சொல்லிக்கிட்டிருந்தா"ன்னாங்க. எழுந்து டீ போட்டாங்க.

அப்புறம் நானே சொன்னேன்: மண் அனுப்ப முடியாது, ஊரைக் கண்டுபிடிப்பேன்னு சத்தியம் பண்ண முடியாது. தேதி எதுவும் சொல்லலை. புதன்கிழமை அவங்களோட மோக்கா போறேன், படம் இருக்கான்னு பாக்க.

ஊர்திரும்பி:
இது சரி. ஆனா வாத்தியார் ஐயா, நீங்க சொன்ன மாதிரி சும்மா சரின்னு சொல்லியிருந்தா இது நடந்திருக்காது.

காத்ர் போர்ன் வாத்தியார்:
முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருந்தாலும் நடந்திருக்காது. புதன்கிழமை எத்தனை மணிக்கு? காப்பகத்தில் படிவம் நிரப்ப அம்மையாரின் பிறப்புச் சான்றும் அவர் பெற்றோரின் சான்றுகளும் கேட்கலாம். இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். பள்ளி முடிந்ததும் நானும் வருகிறேன்.

செஞ்சிக்கோட்டை:
நான் இன்னும் ஊர் தேடுறதுக்கு எதிர்தான். ஆனா அந்த அப்பா பேரை மட்டும் எனக்கு அனுப்பு தங்கச்சி. பொங்கலுக்குப் போறப்போ எங்க பாட்டிகிட்ட கேக்குறேன், அந்தப் பேரு எந்தப் பக்கம் வெப்பாங்கன்னு. பாட்டிகிட்ட மட்டும்.