நிப்பில் "ஜெர்மனி" என்று இருந்தால் ஜெர்மனிதானா? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

கறுப்புமை:
பாரிமுனையில் வாங்கிய எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா. கடைசல் நம்மூர்க் கைவேலை, அதில் சந்தேகமே இல்லை. நிப்பில் மட்டும் "இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி" என்று பொறித்திருக்கிறது. முழுப் பேனாவுக்கும் கொடுத்த காசுக்கு ஒரு ஜெர்மன் நிப்பு தனியாகக்கூட வராது. "அண்ணே, இது நிஜமாவே ஜெர்மனியா?" என்று கேட்டேன். அவர் பேனாவை வாங்கி, பில் புத்தகத்தின் பின்பக்கம் ஒரு கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, மூடியைத் திருகிக்கொண்டே "எழுதுதுல்ல?" என்றார். அவ்வளவுதான். எழுதத்தான் செய்கிறது, அதுவும் வழுவழுவென்று. அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

ஊதாக்கறை:
அந்த முத்திரையை நம்பவே வேண்டாம். சீனாவிலும் இந்தியாவிலும் அடித்த நிப்புகளில்கூட அதைப் பார்க்கலாம். என் கதை ஹீரோ 616 என்ற சீனப் பேனா. அப்பாவின் பழைய பேனா ஒன்று, பிறகு ரயில் நிலைய வாசலில் நான் வாங்கியது ஒன்று. வெளியே இரண்டும் அச்சு அசல். மூக்கு மூடிய பேனா அல்லவா, நிப்பு நுனி மட்டும்தான் தெரியும். வாட்ச் ரிப்பேர் செய்யும் நண்பனிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். அப்பாவுடையதில் நுனியில் தனியாக ஒரு சின்ன உலோக மணி பற்றவைத்திருந்தது, நிறமே வேறு. இரிடியம் என்று சொல்வது இதைத்தான். என்னுடையதில் மணியே இல்லை. தகட்டின் நுனியையே மடித்து உருட்டிவிட்டிருந்தார்கள்! இரிடியம் எந்த நாட்டுது என்று தேடுவதற்கு முன்னால், மணி இருக்கிறதா என்று பாருங்கள்.

சாத்தூர்ப் பேரன்:
ஜெர்மனி என்று இருந்தால் உசத்தி, இந்தியாவில் அடித்தது என்றால் ஏமாற்று. மேலே இரண்டு பேரும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் சாத்தூரில் ஒரு காலத்தில் நிப்பு செய்வது குடிசைத் தொழில். எங்கள் ஆச்சி கைப்பிரஸ்ஸில் தகடு வெட்டியவள். பால் பாயிண்ட் வந்து எல்லாம் சுருங்கிப்போனது வேறு விஷயம். பழைய பேனா சேர்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். டப்பாவில் மிச்சமிருந்த நிப்பு ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, "நல்லா இருக்கே, எந்த நாடு?" என்று ஆச்சியிடமே கேட்டார். ஆச்சி கட்டைவிரலைக் காட்டினாள். பிரஸ்ஸில் நசுங்கிய நகம். அவர் சிரித்துக்கொண்டே, "இல்ல பாட்டி, நிஜமா கேக்குறேன்" என்றார்.

ஊதாக்கறை:
நான் ஏமாற்று என்று சொன்னது பொய் முத்திரையை, ஊரை அல்ல. சாத்தூர் என்று பொறித்திருந்தால் நானே தேடி வாங்குவேன்.

சாத்தூர்ப் பேரன்:
சாத்தூர் என்று பொறித்தால் எந்தக் கடைக்காரர் வாங்குவார்?

பத்தர் வீட்டுப் பையன்:
எங்கள் பட்டறைக்கு ஒருவர் பேனாவோடு வந்தார். மாமனார் கொடுத்ததாம், நிப்பில் "22 கே.ஜி.பி." அதை 22 கேரட் தங்கம் என்றே இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். தங்கம் சோதிக்கும் மெஷினில் வைத்ததும் இரும்பு, குரோமியம், நிக்கல் என்று வரிசையாக வந்தது. திரையைப் பார்த்துவிட்டு, "வீட்ல சொல்லிடாதீங்க" என்றார்.

இனி யாரும் அலையாமல் இருக்கச் சொல்கிறேன். ஜி.பி. என்றால் தங்க முலாம், முன்னால் எந்த எண் இருந்தாலும் சரி. தங்க நிப்பு என்றால் பெரும்பாலும் 14 கேரட் (585) அல்லது 18 கேரட் (750). ஜப்பானில் செய்லர் கம்பெனி 21 கேரட்டும் போடுகிறது, அதில் 875 இருக்கும். காந்தம் ஒட்டினால் தங்கம் இல்லை. ஒட்டாவிட்டால் தங்கம் என்றும் அர்த்தமில்லை, எவர்சில்வரில் ஒட்டாத ரகம் உண்டு. தயவுசெய்து உரைகல்லில் தேய்க்கச் சொல்லாதீர்கள், கோடு விழுந்தால் போகாது. மெஷினில் வைக்கும்போதும் மணியில் வைக்காமல் உடல் பகுதியில் வைக்கச் சொல்லுங்கள். மணி வேறு உலோகம். அப்புறம், தங்கம் என்றால் நன்றாக எழுதும் என்பதும் இல்லை. இரும்பு உப்பு கலந்த பழைய மைகளில் அமிலம் உண்டு, சாதா இரும்பு நிப்பை அரித்துவிடும். தங்கத்தை அந்த மை ஒன்றும் செய்யாது. அதற்காக வந்த பழக்கம் இது. தாளில் உரசுவது தங்கமில்லை, நுனி மணிதான்.

நீலகண்டப்பறவை:
அந்த மணியில் இரிடியம் இருக்கிறது என்று யார் சொன்னது? ஒரு காலத்தில் மண்ணில் கிடைத்த ஆஸ்மிரிடியம் (ஆஸ்மியமும் இரிடியமும் இயற்கையாகவே கலந்தது) துகளைத்தான் நுனியில் வைத்தார்கள். 1925ல் டாஸ்மேனியாவில் ஆடம்ஸ்ஃபீல்டு என்ற இடத்தில் அதைத் தோண்டக் கூட்டமே போனது. இப்போது ருத்தீனியம், ஆஸ்மியம், டங்ஸ்டன் என்று ஏதேதோ கலவை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ஆக "இரிடியம்" பொய், "ஜெர்மனி" சந்தேகம், "பாயிண்ட்" மட்டும் உண்மை. ஊதாக்கறை நிப்பில் அதுவும் இல்லை!

கறுப்புமை:
சிரித்துவிட்டேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இது எங்கே செய்தது?

ஊதாக்கறை:
முத்திரையை வைத்துச் சொல்ல முடியாது. நிஜமான ஜெர்மன் நிப்புகள் ஹைடல்பெர்க்கில் போக், பெர்லினில் ஜோவோ என்று சில இடங்களிலிருந்துதான் அதிகம் வருகின்றன. அவற்றில் பலவற்றில் ஜெர்மனி என்றே இருக்காது, வாங்கிய பேனாக் கம்பெனியின் பெயரைப் பொறித்துக் கொடுத்துவிடுவார்கள். நிப்பை உருவி, அடியையும் நாக்கையும் (நிப்புக்குக் கீழே மை இறங்கும் கட்டை) படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

கறுப்புமை:
உருவ வரவில்லை. வெந்நீரில் போடலாமா, எபோனைட் வெளுத்துவிடுமா?