சத்துமாவுக் கஞ்சி குடித்ததும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம்: எது ஒத்துக்கொள்ளவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பூர்_அம்மா

பாப்பாவுக்கு 8 மாதம். ஆறு மாதத்திலிருந்து கேழ்வரகுக் கூழ், பாசிப்பருப்புச் சோறு, இட்லி, தயிர், நெய் எல்லாம் நன்றாகத்தான் சாப்பிடுகிறாள். போன வாரம் அத்தை ஊரிலிருந்து சத்துமாவு அரைத்துக் கொண்டுவந்தார்கள், பதினெட்டு சாமான் போட்டது. முதல் தடவை இரண்டு ஸ்பூன் குடித்ததோடு தூங்கிவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை அரைக் கிண்ணம் காலி. நான் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் வாயைச் சுற்றிச் சிவந்துவிட்டது, அப்புறம் வயிறு, தொடை, முதுகு என்று பெரிய பெரிய தடிப்பு, மேலுதடு வீங்கி முகமே மாறிப்போய், குடித்ததை எல்லாம் வாந்தி எடுத்தாள். பக்கத்துக் கிளினிக்கில் ஊசி போட்டு சிரப் எழுதிக் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் வடிந்துவிட்டது. "அலர்ஜியாக இருக்கும், அந்த மாவை நிறுத்துங்க" என்றார்கள், அதோடு சரி.

வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அத்தை இது காணாக்கடி, மந்திரித்தால் போதும் என்கிறார். பார்த்துப் பார்த்து வறுத்து அரைத்த மாவு எப்படிச் சேராமல் போகும் என்று அவருக்கு வருத்தம் வேறு. என் வீட்டுக்காரர், 200 உணவுக்கும் ஒரே ரத்தப் பரிசோதனை என்று ஒரு லேப் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அதை எடுத்துவிடலாம் என்கிறார். பாப்பாவுக்கு மூன்றாம் மாதத்திலிருந்து கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் உண்டு. அதனால் நான் கத்திரிக்காய், கருவாடு பக்கமே போவதில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா? இனி புதிதாக எதையும் கொடுக்கவே பயமாக இருக்கிறது, யாராவது சொல்லுங்களேன்.

பொள்ளாச்சிப்_பாட்டி

பயப்படாதே கண்ணு. எங்கள் காலத்தில் இப்படி எத்தனை பார்த்திருக்கிறோம். அந்த மாவையே ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகையாகக் கொடுத்துப் பழக்கு, உடம்பு தானாக ஏற்றுக்கொள்ளும். தெருவில் கழுதைப்பால் வந்தால் ஒரு சங்கு வாங்கிக் கொடு, நோய் எதிர்ப்பு வரும்.

வார்டு_நர்ஸ்

பாட்டிம்மா கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் அந்தச் சிட்டிகை வைத்தியம் இந்தக் குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குவது என்பது நிஜமாகவே ஒரு சிகிச்சை முறைதான், அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர்கள் அளவு கணக்கிட்டு, முதல் வேளையையும் அளவு கூட்டும் வேளைகளையும் தங்கள் கண்முன் வைத்துக் கொடுப்பார்கள், வீட்டு அடுப்படியில் செய்வதில்லை. தெருவில் கறக்கும் பச்சைப் பால் எதுவானாலும் 8 மாதக் குழந்தைக்குக் கிருமித் தொற்று வரவழைக்கும். அலர்ஜிக்கு அது மருந்தும் இல்லை.

திருப்பூர் அம்மா, நான் குழந்தைகள் வார்டில் வேலை செய்கிறேன். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது தடிப்பு மட்டும் இல்லை, தடிப்போடு சேர்ந்து வாந்தியும் வந்தது. தோல், வயிறு, மூச்சு, ரத்த ஓட்டம் இவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டால் அதைச் சாதாரண அலர்ஜி என்று நாங்கள் விடமாட்டோம், அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகக்கூடிய கடும் அலர்ஜி என்ற கணக்கில்தான் பார்ப்போம். இந்தத் தடவை அதோடு அடங்கியது நல்லது. அடுத்த தடவையும் இதே அளவில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கைக்குழந்தைக்குத் தொண்டை அடைக்கிறது என்று சொல்லத் தெரியாது. அழுகைக் குரல் திடீரென்று கரகரப்பாக மாறுவது, விடாமல் இருமுவது, மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம், முகம் வெளிறுவது, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை துவண்டு தோளில் சாய்வது, இதில் எதைப் பார்த்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது, எடைக் கணக்கில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அவில், செட்டிரிசின் மாதிரி அலர்ஜி மருந்துகள் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், மூச்சுத் திணறலையோ ரத்த அழுத்தம் இறங்குவதையோ நிறுத்தாது. இதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம் போலத் தோன்றும் எனக்கு, ஏனென்றால் சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, ரொம்ப நேரம் கழித்துத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். வரும் வழியில் குழந்தையைப் படுத்த வாக்கில் வைத்திருங்கள், வாந்தி எடுத்தால் ஒருக்களித்து. வெளிநாட்டில் போல வீட்டிலேயே வைத்துக் குத்தும் பேனா ஊசி நம் ஊர் மருந்துக் கடையில் லேசில் கிடைக்காது, கண்ணாடிக் குப்பியில் வரும் ஆம்பியூல்தான் கிடைக்கும். அது உங்களுக்குத் தேவையா, தேவை என்றால் எப்படிப் போடுவது என்று டாக்டர் நேரில் சொல்லிக் காட்ட வேண்டும், இணையத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். இராத்திரியிலும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

சரி, எது காரணம் என்ற கேள்விக்கு வருகிறேன். சத்துமாவில் இதுதான் தொல்லை, பதினெட்டில் எது என்று மாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு தாளில் சாமான் அத்தனையும் எழுதுங்கள். பாப்பா ஏற்கெனவே தனியாகப் பலமுறை சாப்பிட்டு ஒன்றும் ஆகாததை எல்லாம் அடித்துவிடுங்கள், கேழ்வரகு, அரிசி, பாசிப்பருப்பு, உளுந்து போய்விடும். மிச்சம் நிற்பதுதான் சந்தேகப் பட்டியல், பெரும்பாலும் நிலக்கடலை, முந்திரி, பாதாம், கோதுமை, பொட்டுக்கடலை இவற்றில் ஏதாவது. பொட்டுக்கடலையைச் சாதுவாக நினைக்காதீர்கள், அதுவும் ஒரு வகைக் கொண்டைக்கடலைதான், நம் நாட்டில் அதற்கு அலர்ஜி உள்ளவர்கள் உண்டு. அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள், வறுப்பதால் நிலக்கடலையின் வீரியம் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

அந்த 200 உணவுப் பரிசோதனைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அதில் பல லேப்கள் பார்ப்பது ரத்தத்தில் உள்ள ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம். நாம் ஒரு பொருளைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும், அலர்ஜியைக் காட்டாது. சந்தேகப் பட்டியலில் உள்ளதற்கு மட்டும் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ அலர்ஜியில் வேலை செய்யும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையோ போதும். அதிலும் பாசிட்டிவ் வந்தாலே அலர்ஜி என்று முடிவுகட்ட முடியாது, நடந்த கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மெல்பர்ன்_அப்பா

கரப்பானுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள், உண்டு, ஆனால் நம் வீடுகளில் நினைக்கிற திசையில் இல்லை. சாப்பாட்டால் கரப்பான் வருகிறது என்று தாயைப் பத்தியம் இருக்க வைக்கிறோம். மருத்துவ உலகம் இப்போது சொல்வது பெரும்பாலும் தலைகீழ்: கரப்பானால் தோல் வெடித்திருக்கும்போது உணவுத்தூள் அந்த வழியாக உள்ளே போனால், உடம்பு அதை எதிரி என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அதே பொருள் வாய் வழியாக, சீக்கிரமே, அடிக்கடி போனால் சொந்தக்காரன் என்று ஏற்றுக்கொள்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச் சோப்பைப் போட்டுக்கொண்ட பெரியவர்களுக்கு, அதுவரை நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த கோதுமையே ஒத்துக்கொள்ளாமல் போனது, 2000 பேருக்கு மேல். அதனால் கரப்பான் உள்ள தோலில் கடலைமாவு, பயத்தமாவு, நலங்குமாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதை நான் நிறுத்தச் சொல்வேன். கரப்பானுக்கு ஒழுங்காக மருந்து போட்டு, குளித்த ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவி, தோலை மூடி வைப்பதுதான் முதல் வேலை. நீங்கள் பாவம், கத்திரிக்காய் சாப்பிடுங்கள்.

இன்னொன்று, பயந்துபோய் எல்லாவற்றையும் தள்ளிப் போடாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-இல், அலர்ஜி வர வாய்ப்புள்ள பிள்ளைகளுக்கு நிலக்கடலையை 3 வயது வரை கொடுக்காதீர்கள் என்றது, 2008-இல் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு, லண்டன் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேல் குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், லண்டனில் நிலக்கடலை அலர்ஜி பத்து மடங்கு. இஸ்ரேலில் ஒரு வயதுக்குள்ளேயே கடலைப் பொரி மாதிரி ஒரு தின்பண்டம் கொடுப்பார்களாம். அப்புறம் லண்டனில் 640 கைக்குழந்தைகளை வைத்து லீப் என்ற ஆய்வு நடத்தி 2015-இல் வெளியிட்டார்கள், எல்லாம் கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ உள்ள பிள்ளைகள். கடலையைத் தவிர்த்தவர்களில் 5 வயதில் 17 சதவீதம் பேருக்கு அலர்ஜி, சாப்பிட்டவர்களில் 3 சதவீதம்தான். இங்கே ஆஸ்திரேலியாவில் இப்போது முட்டை, நிலக்கடலை எல்லாம் ஒரு வயதுக்குள் கொடுத்துவிடச் சொல்கிறார்கள்.

உங்கள் பாப்பாவுக்கு ஒருமுறை வந்துவிட்டதால் சந்தேகப் பட்டியலில் உள்ளதை மட்டும் டாக்டர் சொல்லும் வரை தொடாதீர்கள். மற்றதெல்லாம் வழக்கம்போல. குறிப்பாகத் தயிர், நெய், இட்லி என்று ஏற்கெனவே சேர்ந்ததை நிறுத்தவே கூடாது, நீண்ட நாள் இடைவெளி விட்டால் சேர்ந்துகொண்டிருந்ததே சேராமல் போவதும் உண்டு.

திருப்பூர்_அம்மா

அத்தையோடு உட்கார்ந்து பட்டியல் போட்டேன். அடித்தது போக மிச்சம்: முந்திரி, பாதாம், பிஸ்தா, நிலக்கடலை, சம்பா கோதுமை, பொட்டுக்கடலை, கம்பு, சோளம், ஜவ்வரிசி, ஏலக்காய். பட்டியல் போட உட்கார்ந்ததும் அத்தைக்கே ஆர்வம் வந்துவிட்டது, போன மாதம் ரசத்தில் பிசைந்த சோறு சாப்பிட்டபோதும் வாயைச் சுற்றிச் சிவந்தது என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். அது தக்காளியா? முட்டை இன்னும் கொடுத்ததே இல்லை. 9 மாதத் தடுப்பூசி வேறு வருகிறது, அதைப் போடலாமா?

சேலம்_முந்திரி

என் பையனுக்கு முந்திரி சேராது, இப்போது ஸ்கூல் போகிறான். முந்திரி என்று உறுதியானால் பிஸ்தாவையும் சேர்த்து விலக்கச் சொல்வார்கள், இரண்டும் நெருங்கிய சொந்தம். வீட்டுச் சமையலில் பிரச்சினையே இல்லை, வெளியில்தான். ஓட்டல் குருமாவில், பனீர் கிரேவியில் முந்திரி விழுது கண்ணுக்கே தெரியாது, கல்யாண வீட்டில் பாயசம், கேசரி, பொங்கல், எல்லாவற்றிலும் இருக்கும். "முந்திரியை எடுத்துப் போட்டுட்டுக் கொடுத்தேம்மா" என்று பந்தியில் ஒரு அக்கா அன்பாகச் சொன்னபோது எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கோதுமை என்று வந்தால் ஒன்று கவனியுங்கள், கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் பாருங்கள், அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. நிலக்கடலை என்றால் மரச்செக்குக் கடலை எண்ணெயும் கூடாது, அதில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் அது அநேகமாக இருக்காது. மாவு மில்லில் யார் எதை அரைத்துவிட்டுப் போனார்கள் என்று தெரியாது, பாப்பாவுக்கு வேண்டியதை மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் பண்டத்தில் பால், முட்டை, கோதுமை, கடலை, கொட்டை வகை, சோயா, மீன், இறால் நண்டு வகை இருந்தால் உறையில் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டிலும் விதி இருக்கிறது. பாக்கெட் இல்லாமல் உதிரியாக விற்கும் மிக்சருக்கும் பேக்கரி பிஸ்கட்டுக்கும் அந்தப் பேச்சே இல்லை.

பொள்ளாச்சிப்_பாட்டி

நர்ஸம்மா சொன்னால் சரிதான். கழுதைப்பால் வேண்டாம். ஆட்டுப்பால் ஆகுமா?

வார்டு_நர்ஸ்

பாப்பா தயிர் சாப்பிடுகிறாள் பாட்டிம்மா, பாலில் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. பசும்பால் சேராத பிள்ளைகளுக்கும் ஆட்டுப்பால் மாற்று இல்லை, இரண்டின் புரதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் அதுவும் சேராது. லாக்டோஸ் இல்லாத பாலும் அப்படித்தான், அதில் எடுத்தது சர்க்கரையை, அலர்ஜி வருவது புரதத்தால்.

ரசச் சோறு: தக்காளி, எலுமிச்சை, புளி மாதிரிப் புளிப்பு படும் இடத்தில் மட்டும் சிவந்து, துடைத்தால் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் அது பெரும்பாலும் தோல் எரிச்சல்தான், கரப்பான் உள்ள பிள்ளைகளுக்குச் சகஜம். ஊட்டுமுன் வாயைச் சுற்றிக் கொஞ்சம் வாஸ்லின் தடவிப் பாருங்கள். உணவு படாத இடத்திலும், முதுகிலோ தொடையிலோ தடிப்பு வந்தால்தான் கவலை.

9 மாதத் தடுப்பூசியைக் கண்டிப்பாகப் போடுங்கள். முட்டை அலர்ஜி உறுதியான பிள்ளைகளுக்கே அதில் வரும் தட்டம்மை ஊசி போடலாம், உங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. போட்டுவிட்டு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள், அது எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். முட்டையை எப்போது ஆரம்பிப்பது என்று அலர்ஜி பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள், கரப்பான் அதிகமாக இருந்தால் முதலில் பரிசோதித்துவிட்டுக் கொடுக்கச் சொல்லலாம். சரி என்றால் நன்றாக வேக வைத்து, காலையில், கால் ஸ்பூன். புதிய பண்டம் எதையும் இராத்திரியில், காய்ச்சல் சளி இருக்கும்போது, பஸ்ஸில் ஊருக்குப் போகும் நாளில் கொடுக்க வேண்டாம். முழுக் கொட்டையாக எதையும் தரக்கூடாது, அது அலர்ஜிக்காக இல்லை, மூச்சுக்குழாயில் போய் அடைக்கும்.

திருப்பூர்_அம்மா

கோவையில் அலர்ஜி பார்க்கும் குழந்தை டாக்டரிடம் வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டாயிற்று. கிளினிக்கில் கொடுத்த சிரப் இன்னும் பாதி பாட்டில் இருக்கிறது, கரப்பான் அரிப்புக்கு இராத்திரி அதைக் கொடுக்கலாமா?

வார்டு_நர்ஸ்

அது என்ன சிரப் என்று போனிலேயே அங்கே சொல்லிக் கேட்டுவிடுங்கள். அலர்ஜி சிரப் உடம்பில் இருந்தால் தோல் பரிசோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும், அதனால் பொதுவாக ஒரு வாரத்துக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். இன்னும் கொடுத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு ரத்தம் மட்டும் எடுத்துவிட்டு, குத்திப் பார்ப்பதை இன்னொரு நாளைக்கு வைப்பார்கள். ஆனால் மறுபடி தடிப்பு வந்தால் பரிசோதனை கெடுமே என்று சிரப்பையோ ஊசியையோ தள்ளிப் போடாதீர்கள். அன்றைக்கு எடுத்த போட்டோ, சாமான் பட்டியல், குடித்த நேரம், தடிப்பு வந்த நேரம், கிளினிக்கில் போட்ட ஊசியின் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.