ஐப்பசி மழைக்கு முன்னால் ஆச்சியின் பீரோ

குழு: சிந்துபூந்துறை வீடு
ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 9:10)
ஆச்சி அறையில் இருக்கும் இரும்பு பீரோவை இன்றைக்குக் காலி பண்ணுகிறோம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். யாருக்காவது அதில் ஏதாவது வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். சாயங்காலம் வந்து சண்டை பிடிக்கக் கூடாது.

அப்பா (9:11)
மஞ்சப்பைகளைத் தொட வேண்டாம்.

நான் (9:14)
எண்ணியாயிற்று அப்பா. 63 பை. பாதிக்கு மேல் மாப்பிள்ளை பெண் பெயரே அழிந்துவிட்டது. யார் கல்யாணம் என்று உங்களுக்கே தெரியாது.

அப்பா (9:16)
2021-இல் அரசாங்கமே 'மீண்டும் மஞ்சப்பை' என்று திட்டம் கொண்டுவந்தது. நான் அதற்கு முன்னாலிருந்தே சேர்க்கிறேன்.

பாளை சித்தி (9:17)
அத்தான், அது பையைக் கடைக்கு எடுத்துப்போகச் சொன்ன திட்டம். பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லவில்லை 😄

நான் (9:30)
கீழ்த்தட்டில் வேலையே இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு அதில் இருந்ததெல்லாம் போயிற்று. தண்ணீர் நின்ற உயரத்துக்குத் துரு இன்னும் கோடு கிழித்த மாதிரி இருக்கிறது.

அம்பை அத்தை (9:33)
அந்தத் தட்டில் இனிமேல் துணி வைக்காதே. எவர்சில்வர் பாத்திரத்தை வை, ஆறு வந்தாலும் கழுவிக்கொள்ளலாம். வீட்டுப் பத்திரம், சர்டிபிகேட் எல்லாம் மேல்தட்டுக்குப் போகட்டும். அண்ணன், பீரோவுக்கு அடியில் செங்கல் கொடுத்தீர்களா?

அப்பா (9:34)
கொடுத்தாயிற்று. நாலு காலுக்கும்.

நான் (10:20)
[படம்]
மூன்றாம் தட்டுக்கு வந்துவிட்டோம். ஆச்சி பொத்திப் பொத்தி வைத்திருந்த கத்தரிப்பூப் பட்டு இதுதான். பிளாஸ்டிக் கவர் ஒட்டிக்கொண்டு உரிக்கவே வரவில்லை. உள்ளே போட்ட பாச்சை உருண்டை நாலும் மிளகு அளவுக்குக் கரைந்து கிடக்கின்றன. கட்டிலில் போட்டு விரித்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் பிளேடால் கீறினதுபோல் விட்டுப்போயிருக்கிறது. உருண்டை பட்ட இடத்தில் ஜரிகை கறுத்து, பார்டரில் இருந்த மயிலுக்குக் கழுத்தே இல்லை.

அம்மா (10:22)
அடக்கடவுளே. எப்போது கட்டினார்கள் அதை?

நான் (10:24)
கேட்டேன். "ஒன் கல்யாணத்துக்குக் கட்டணும்னு வச்சிருந்தேம்ளா" என்கிறாள். என் கல்யாணத்துக்குக் கட்டியது வேறு சேலை. இது நல்லது என்று அப்போதும் எடுக்கவில்லை.

பாளை சித்தி (10:31)
பட்டுக்கு எமனே அந்தப் பிளாஸ்டிக் கவர்தான். காற்றுப் போகாது, ஈரம் உள்ளேயே புழுங்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வை, ஜரிகை உள்பக்கம் வரட்டும். மூணு மாதத்துக்கு ஒருதடவை எடுத்து நிழலில் உதறி மடிப்பை மாற்று. ஒரே மடிப்பில் கிடந்தால் எந்தப் பட்டும் விட்டுப்போகும். உருண்டை போட்டே தீருவேன் என்றால் துணியில் முடிந்து மேலே தொங்கவிடு. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தானாகவே கீழே இறங்கும். நான் போடுவது வசம்புதான். இதெல்லாம் உன் ஆச்சியிடமும் சொல்லியிருக்கிறேன், கேட்டால்தானே.

அம்மா (10:33)
முந்தி நன்றாகத்தானே இருக்கிறது? வெட்டி எடுத்தால் பாப்பாவுக்கு ஒரு பாவாடை வரும்.

சென்னை மைனி (10:41)
அத்தை, பாவாடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆச்சியின் பழைய நூல் சேலை ஏதாவது கிடைத்தால் அனுப்புங்கள், தொட்டில் கட்ட வேண்டும். இங்கே வாங்கிய தொட்டில் துணி நைலான் கலந்தது, பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது.

நான் (10:43)
இதே தட்டில் சுங்குடி இரண்டு இருக்கிறது மைனி. நல்ல மெத்தென்று இருக்கும். உருண்டை வாடைதான் மூக்கைத் துளைக்கிறது.

அம்பை அத்தை (10:44)
அதை அனுப்பாதே.

அம்பை அத்தை (10:49)
பிள்ளை வார்டிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் சொல்கிறேன், கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு ஜி6பிடி என்கிற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும். பார்த்தால் தெரியாது, ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின் ஆகவே ஆகாது. சிவப்பணு உடைந்து ரத்தம் குறையும், மஞ்சள் காமாலை வரும். உருண்டையைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, துணியில் ஏறின வாடையே போதும்.

அண்ணன் (10:52)
துவைத்தால் போகாதா அத்தை?

அம்பை அத்தை (10:53)
நாம் கட்ட என்றால் துவைத்து நாலு வெயில் காட்டினால் சரி. நாலு மாதப் பிள்ளைக்கு எதற்குடா இந்தப் பரீட்சை?

சென்னை மைனி (10:54)
ஐயோ, போன தடவை அங்கேயிருந்து டவல் எடுத்துவந்தேனே?

நான் (10:55)
அது அம்மாவுடைய மர அலமாரி, மைனி. அதில் உருண்டையே கிடையாது. பயப்படாதீர்கள்.

நான் (பிற்பகல் 1:40)
முடிந்தது. கிழிந்த ஜாக்கெட்டெல்லாம் கரித்துணிக்கு. நல்ல சேலைகள் வெயிலில் கிடக்கின்றன, வாடை போனதும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடலாம். கத்தரிப்பூப் பட்டை மட்டும் ஆச்சி விடமாட்டேன் என்கிறாள், வேட்டித் துணியில் சுற்றித் திரும்ப வைத்தாயிற்று. மஞ்சப்பையில் 40 தெருமுனைக் காய்கறிக் கடைக்குப் போகிறது. அப்பா, பெயர் அழிந்ததைத்தான் எடுத்தேன்.

அப்பா (1:42)
சரி.

நான் (1:50)
தொட்டில் விஷயத்தை ஆச்சியிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் புறவாசலுக்குப் போய், நேற்றுத் துவைத்துக் கொடியில் போட்ட நீலச் சேலையை உருவிக்கொண்டு வந்துவிட்டாள். கட்டிக் கட்டி விளிம்பெல்லாம் பஞ்சாய்ப் போன சேலை. "இது பீரோவையே பாத்ததில்ல, இதக் குடுத்துவிடு" என்கிறாள்.

சென்னை மைனி (1:52)
❤️ ஆச்சிக்கு மாற்றிக் கட்ட?

நான் (1:53)
மூன்றாம் தட்டில் விலைச்சீட்டுக்கூடக் கிழிக்காத சேலை ஆறு இருந்தது மைனி. இரண்டை நனைத்துப் போட்டுவிட்டேன்.

அண்ணன் (1:55)
வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். சேலையை ஒரு பையில் போட்டு வை.

அப்பா (1:55)
பை இருக்கிறது.