வாயின் உட்படலத்தை வளர்க்கும் புரதம்

கேள்வி (கோத்தகிரி): எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் இருக்கும் என் அத்தைக்குக் கன்னத்தின் உட்புறம் வெந்து உரிந்திருக்கிறது. ஆறிய ராகிக் கூழ்கூட எரிகிறதாம். வாயின் செல்களை வளர்க்கும் புரதம் ஒன்று உண்டாமே, அது எங்கே சுரக்கிறது?

பதில் (குன்னூர்): கெரட்டினோசைட் வளர்ச்சிக் காரணி, அக்கா. 1989-இல் கண்டறிந்தார்கள். வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மேல்படலத்துக்கு அடியிலுள்ள நார்த்திசுச் செல்கள் அதைச் சுரக்கின்றன. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியோ மேல்படலச் செல்களில் இருக்கிறது. அடியடுக்குச் செல்கள் பெருகி, முதிர்ந்தபடியே மேலேறி, உதிர்கின்றன. மாற்று சிகிச்சைக்கு முன் தரும் கீமோ மருந்து அடிப்பது அந்த அடியடுக்கைத்தான். அதனால்தான் இவ்வளவு வேதனை.

பதில் (ஊட்டி, செவிலியர்): இப்புரதத்தின் மருந்து வடிவம் பாலிஃபெர்மின். அமெரிக்காவில் 2004-இல் ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அனுமதித்தார்கள். ஆனால் அது கீமோவுக்கு முன்பே தொடங்க வேண்டிய ஊசி. இப்போதைக்கு உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரில் கொப்பளிக்கட்டும். காய்ச்சல் கண்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கேட்டவர்: மிக்க நன்றி. மருத்துவரிடம் நாளையே பேசுகிறேன்.