புதுப்பிப்பு: அப்பாவின் கை, சென்சாரின் கணக்கு

போன பதிவில் கேட்டிருந்தேன்: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா வீட்டிலிருந்தே கைப்பயிற்சி செய்கிறார். கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி வரை தூக்குவதாக மேற்கையில் கட்டிய சென்சார் காட்டுகிறது. வீடியோ அழைப்பில் பார்க்கும் பிசியோதெரபிஸ்டோ அவ்வளவு இல்லை என்கிறார். யார் சொல்வது சரி?

சரி, விடை கிடைத்துவிட்டது. தெரபிஸ்ட் சொன்னதுதான். சென்சார் பழுதும் இல்லை. அது கையின் சாய்வைப் புவியீர்ப்புத் திசையோடு ஒப்பிட்டு அளக்கிறது. தோள் ஒத்துழைக்காதபோது அப்பா உடம்பையே மறுபக்கம் சாய்த்துவிடுகிறார். அந்தச் சாய்வும் கைக்கணக்கில் ஏறிவிட்டது. (தனக்கே தெரியாமல் செய்கிற கள்ளாட்டம்!) நெஞ்சில் இன்னொரு சென்சார் கட்டி, உடம்பின் சாய்வைக் கழித்தோம். 90 என்றது 65 ஆனது. அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

உடம்பின் அசைவைப் பின்தொடரும் கினெக்ட் கேமரா போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதன் இரண்டாம் தலைமுறை உடம்பில் மூட்டுகள் போன்ற 25 புள்ளிகளைப் பின்தொடரும், சாய்வதையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் உள்ளங்கையை மேலும் கீழும் புரட்டுவதை அளக்க அதை நம்ப முடியாது. அதற்கு முன்கையில் கட்டும் சென்சார்தான் தோது. அப்புறம், இரும்புக் கட்டில் பக்கத்தில் வேண்டாம். சென்சாருக்குள் திசைகாட்டி போல வேலை செய்யும் காந்தமானி, இரும்பு பக்கத்தில் இருந்தால் திசையைத் தப்பாகக் காட்டும்.

பக்கவாதத்துக்குப் பிறகு கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கும், 66 மதிப்பெண் கொண்ட ஃபூகல்-மேயர் கைச்சோதனை மட்டும் இன்னும் நேரில்தான். அதில் கை தானாகத் துள்ளுகிறதா என்று சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கிற பகுதியை எந்தச் சென்சார் செய்யும்?